போன வருஷம் போட்ட ஃப்ளூ ஊசி இந்த வருஷம் ஏன் போதாது?

1943இல் அமெரிக்க ராணுவத்துக்காகத் தாமஸ் ஃபிரான்சிஸும் ஜோனஸ் சால்க்கும் ஓர் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்தார்கள். பிற்பாடு போலியோ தடுப்பூசியால் உலகப் புகழ் பெற்ற அதே சால்க்தான். ஊசி நன்றாகவே வேலை செய்தது. 1945இல் பொதுமக்களுக்கும் போட அனுமதி கிடைத்தது. 1947இல் ஃப்ளூ மறுபடி பரவியபோது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஊசி போட்டுக்கொண்ட மாணவர்களும் போடாதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் காய்ச்சலில் படுத்தார்கள்.

மருந்து கெட்டுப்போயிருக்கவில்லை. ஊசி போட்டவர்களின் ரத்தத்தில், கிருமியைப் பிடித்து முடக்க உடம்பு தயாரிக்கும் புரதமான எதிர்ப்பொருள் தாராளமாகவே இருந்தது. ஆனால் அது பழைய வைரஸைப் பிடிக்கத் தெரிந்த எதிர்ப்பொருள். அந்த வருஷம் வந்த வைரஸின் மேற்பரப்பு மாறிவிட்டிருந்தது. ஃப்ளூவுக்கு ஒரு தடவை ஊசி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது உலகத்துக்குத் தெளிவாகப் புரிந்தது அப்போதுதான்.

ஏன் மாறுகிறது? ‘வைரஸ் தந்திரமானது, நம்மை ஏமாற்ற உருமாறுகிறது’ என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் அதற்குத் தந்திரமும் தெரியாது, திட்டமும் கிடையாது. கண்டபடி பிழை செய்வது மட்டும்தான் அதன் வேலை. எந்தப் பிழை பிழைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் தும்மல், மூக்கொழுகல் எல்லாவற்றையும் ஃப்ளூ என்று சொல்லிவிடுகிறோம். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் வேறு, அவை ஏராளம். இங்கே பேசுவது இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பற்றி மட்டும். அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. மனிதர்களிடம் பருவந்தோறும் பரவித் தொல்லை தருபவை ஏ, பி இரண்டும்தான். பெருந்தொற்றாகக் கிளம்பக்கூடியது ஏ மட்டும்.

வைரஸின் உடம்பு

ஏ வகை வைரஸை ஒரு சிறு உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நூற்றுக்கணக்கான முட்கள். அவை இரண்டு வகைப் புரதங்கள். ஒன்று ஹீமக்ளூட்டினின், சுருக்கமாக ‘எச்’. நம் மூச்சுக்குழாய்ச் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுவது இது. இன்னொன்று நியூராமினிடேஸ், சுருக்கமாக ‘என்’. செல்லுக்குள் பெருகிய புது வைரஸ்கள் ஒட்டிக்கொள்ளாமல் வெளியே கழன்று போக உதவுவது அது. செய்தித்தாளில் வரும் எச்1என்1, எச்3என்2 எல்லாம் இந்த இரண்டு புரதங்களும் எந்த ரகம் என்று சொல்லும் பெயர்கள்தான்.

உருண்டைக்குள் இருப்பது மரபுச் செய்தி. அது டி.என்.ஏ. இல்லை, ஆர்.என்.ஏ. அதுவும் ஒரே நீள இழையாக இல்லாமல் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. இந்த எட்டு என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 1957க்கு வரும்போது தேவைப்படும்.

வைரஸ் பெருகுவது என்றால் அந்த எட்டுத் துண்டுகளையும் படியெடுப்பது. மொத்தம் சுமார் 13,500 எழுத்துகள். நம் செல்கள் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது, எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் ஏற்பாடும் கூடவே உண்டு. ஃப்ளூ வைரஸிடம் அது இல்லை. அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் எங்காவது ஓர் எழுத்தாவது மாறிவிட வாய்ப்பு இருக்கிறது. ஒரு நோயாளியின் உடம்பில் கோடிக்கணக்கான படிகள் உருவாகின்றன. பழைய ஓலைச்சுவடிகளை ஏடெழுதுவோர் கைமாற்றிக் கைமாற்றிப் படியெடுத்தபோது பாடபேதங்கள் பெருகியது போலத்தான். ஆனால் அங்கே தப்பான பாடத்தைத் தள்ளிவிட ஒரு பதிப்பாசிரியர் வந்து உட்காருவார். இங்கே அப்படி யாரும் இல்லை. பெரும்பாலான பிழைகள் வைரஸையே முடமாக்கிவிடும், சில ஒரு விளைவும் இல்லாமல் போகும். அபூர்வமாக ஒன்று, எதிர்ப்பொருள் வந்து ஒட்டும் இடத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும்.

மாற்றம் எங்கே நடக்கிறது என்பதுதான் முக்கியம். எச் புரதத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் மூலக்கூறுகள், இருக்கின்றன. எச்3என்2 வைரஸ் 1968இல் மனிதர்களிடம் வந்ததிலிருந்து 2003 வரை எப்படியெல்லாம் மாறியது என்று கேம்பிரிட்ஜ், ராட்டர்டாம் ஆய்வாளர்கள் பழைய மாதிரிகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வடிவத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு வரைபடமே போட்டார்கள். வைரஸ்கள் சீராகப் பரவிக் கிடக்கவில்லை, 11 கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. ஒரு கூட்டத்தில் சில வருஷம் தங்கிவிட்டு, திடுமென்று அடுத்ததற்குப் போயிருக்கிறது வைரஸ். பிறகு நடந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பெரிய தாண்டல்களுக்கெல்லாம் காரணம், செல்லைப் பற்றும் இடத்தை ஒட்டியிருக்கும் ஏழே ஏழு புள்ளிகள். சில சமயம் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதே போதுமாக இருந்திருக்கிறது.

இப்படிச் சிறுகச் சிறுக நகர்வதை விஞ்ஞானிகள் ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள்.

தட்டம்மை ஏன் இப்படிச் செய்வதில்லை?

எனக்கு இதில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தட்டம்மை வைரஸும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான். அதுவும் பிழையோடுதான் படியெடுக்கிறது. ஆனால் இன்றைக்கும் உலகில் பல நாடுகளில் போடப்படும் தட்டம்மைத் தடுப்பூசி, 1954இல் பாஸ்டனில் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸின் வாரிசு. அறுபது வருஷத்துக்கும் மேலாக அந்த வாரிசு ஊசி வேலை செய்கிறது.

ஆகவே, ‘அடிக்கடி மாறுகிறது, அதனால் ஊசி தோற்கிறது’ என்று சொன்னால் பாதிதான் சரி. தட்டம்மை வைரஸ் நம் செல்லைப் பற்றும் புரதத்தில், எதிர்ப்பொருள் ஒட்டும் இடங்கள் பல உண்டு. அவற்றில் முக்கியமானவை செல்லைப் பற்றும் வேலையோடு பின்னிக் கிடக்கின்றன. வடிவத்தை மாற்றினால் பற்றும் திறனும் போய்விடும். எதிர்ப்பொருளிடமிருந்து தப்பித்த வைரஸ் நம் செல்லுக்குள் நுழையவும் முடியாமல் தவிக்கும். ஃப்ளூவின் எச் புரதம் அப்படி இல்லை. அதன் தலைப்பகுதி நிறைய மாற்றத்தைத் தாங்கும். பற்றும் குழி அப்படியே இருக்க, சுற்றியுள்ள விளிம்பு மட்டும் மாறலாம். நம் எதிர்ப்பொருள்கள் அதிகமாகக் குறிவைப்பதும் துரதிருஷ்டவசமாக அந்த விளிம்பைத்தான்.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. ஒரு ஃப்ளூ அலை அடித்து ஓய்ந்தபின், ஊரில் பலரிடம் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருக்கும். பழைய வடிவ வைரஸ் புகுந்தால் அடுத்த ஆளுக்குப் போவதற்குள் மாட்டிக்கொள்ளும். விளிம்பு கொஞ்சம் மாறிய ஒன்று வந்தால் அது தாண்டிப் போகும். அடுத்த பருவத்தில் ஊர் முழுக்க அதன் வாரிசுகள் இருக்கும். எச்3என்2வின் குடும்ப மரத்தை வரைந்தால் ஒரே தண்டு மேலே மேலே போகும், பக்கக் கிளைகள் சில வருஷத்தில் பட்டுப்போகும். எப்போதும் ஒரு கிளைதான் மிஞ்சுகிறது.

‘அப்படியானால் ஊசி போடுவதால்தான் வைரஸ் மாறுகிறதா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வைரஸ் மீது விழும் அழுத்தத்தில் பெரும்பங்கு இயற்கையாக நோய் வந்து குணமானவர்களிடமிருந்து வருகிறது. உலகில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்பவர்கள் எப்போதுமே சிறுபான்மை. ஊசியே இல்லாவிட்டாலும் வைரஸ் இதே பாதையில்தான் போகும்.

எட்டுத் துண்டு விளையாட்டு

இதுவரை சொன்னது மெதுவான நகர்வு. இன்னொன்று இருக்கிறது, அது பயங்கரமானது. ஒரே செல்லுக்குள் இரண்டு வேறு ஃப்ளூ வைரஸ்கள் ஒரே சமயத்தில் புகுந்துவிட்டால், வெளியே வரும் குட்டி வைரஸுக்குச் சில துண்டுகள் இதிலிருந்தும் சில துண்டுகள் அதிலிருந்தும் கிடைக்கலாம். எட்டுத் துண்டுகளாக இருப்பதன் விபரீதம் இது. ஏ வகை வைரஸ்களின் பூர்வீக வீடு நீர்ப்பறவைகள். பறவை வைரஸின் எச் துண்டு, மனித வைரஸின் மற்ற துண்டுகளோடு சேர்ந்துவிட்டால், மனிதர்களிடம் பரவத் தெரிந்த, ஆனால் மனித உடம்பு இதுவரை பார்த்தே இராத ஒன்று பிறக்கும். இதற்கு ‘ஷிஃப்ட்’ என்று பெயர்.

1957இல் நடந்தது இதுதான். 1918 பெருந்தொற்றிலிருந்து மனிதர்களிடம் சுற்றிக்கொண்டிருந்த எச்1என்1 வாரிசு, ஒரு பறவை வைரஸிடமிருந்து எச், என் உட்பட மூன்று துண்டுகளை வாங்கிக்கொண்டு எச்2என்2 ஆனது. அந்த ஏப்ரலில், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மாரிஸ் ஹில்மன், ஹாங்காங்கில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலோடு மருத்துவமனை வாசலில் காத்துக் கிடக்கிறார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தார். மாதிரியை வரவழைத்துப் பலருடைய ரத்தத்தோடு சேர்த்துச் சோதித்தார். யாரிடமும் இதற்கான எதிர்ப்பொருள் இல்லை, 1889-90 பெருந்தொற்றில் பிழைத்த சில முதியவர்களைத் தவிர. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது இது அமெரிக்காவைத் தாக்கும் என்று கணித்து, மே மாதத்திலேயே நிறுவனங்களுக்கு வைரஸை அனுப்பித் தடுப்பூசி தயாரிக்கச் சொன்னார். ஊசிக்கான வைரஸை வளர்க்கக் கருவுற்ற கோழி முட்டை வேண்டுமே, அதனால் சேவல்களைக் கறிக்கு அனுப்ப வேண்டாம் என்று பண்ணைக்காரர்களிடம் சொல்லவும் ஏற்பாடு செய்தாராம். சுமார் 4 கோடி டோஸ் தயாரானது. ஒரு பெருந்தொற்றை அது வந்து இறங்குவதற்கு முன்பே கண்டுகொண்டு ஊசி தயாரித்தது அதுவே முதல் முறை.

அதே மே மாதத்தில் அந்த வைரஸ் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பல் ஒன்றில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் சென்னைதான். அன்றைக்கு ஃப்ளூ வைரஸை ஆராயும் மையம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில் இருந்தது. அடுத்த சில மாதங்களில் நாடு முழுவதும் பதிவானவர்கள் மட்டுமே 40 லட்சத்துக்கும் மேல்.

1968இல் மறுபடி ஒரு மாற்று. எச் துண்டும் இன்னொரு துண்டும் பறவையிடமிருந்து வந்தன, எச்3என்2 பிறந்தது. ஆனால் என்2 பழையதே. அந்த என்2வுக்கு எதிரான கொஞ்சம் எதிர்ப்பு 1957லிருந்தே மக்களிடம் இருந்ததும், இந்தத் தடவை சேதம் ஓரளவு குறைந்ததற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். 2009இல் வந்த எச்1என்1 பன்றிகள் வழியாக வந்தது. பறவை, பன்றி, மனித வைரஸ்களின் துண்டுகள் கலந்த கலவை அது. வழக்கத்துக்கு மாறாக வயதானவர்களைவிட இளையவர்களை அதிகம் பிடித்தது. காரணம் சுவாரசியமானது. 1950க்கு முன் பிறந்தவர்கள் சிறு வயதில் சந்தித்த வைரஸ், 1918 வைரஸின் நெருங்கிய உறவு. 2009இன் எச்சும் அதே பரம்பரை. பன்றிகளிடம் அது மனிதர்களிடம் மாறிய அளவு மாறாமல் இருந்திருக்கிறது.

சிறுவயதில் முதலில் சந்திக்கும் ஃப்ளூ நம் நோயெதிர்ப்பில் ஆயுளுக்கும் ஒரு தடம் விட்டுப்போகிறது. 1968க்கு முன் பிறந்தவர்களுக்கும் பின் பிறந்தவர்களுக்கும் வெவ்வேறு பறவைக் காய்ச்சல் ரகங்களிடமிருந்து கொஞ்சம் பாதுகாப்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே ஊசியை ஒரே நாளில் போட்டாலும் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாமல் போக இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரியில் கட்டும் பந்தயம்

சரி, இத்தனை மாறும் ஒன்றுக்கு எப்படி ஊசி தயாரிக்கிறார்கள்? 1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஒரு கண்காணிப்பு வலை இயங்குகிறது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் இருக்கின்றன. இந்தியாவில் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் அதில் ஒன்று. வருஷம் முழுக்க நோயாளிகளின் மூக்கு, தொண்டை மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும். மரபணுவைப் படிக்கிறார்கள். ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளோடு சேர்த்து, புது வைரஸ் பழையதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை கூடி முடிவெடுக்கிறார்கள். பிப்ரவரியில், வட அரைக்கோளத்தின் அடுத்த குளிர்காலத்துக்கு. செப்டம்பரில், தென் அரைக்கோளத்துக்கு.

ஏன் ஆறு ஏழு மாதம் முன்னாடியே? பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசி இன்னமும் கோழி முட்டைக்குள் வைரஸை வளர்த்துத்தான் தயாராகிறது. கருவுற்ற முட்டை, வளர்ப்பு, செயலிழக்கச் செய்தல், சுத்திகரிப்பு, தரச்சோதனை என்று எல்லாம் முடிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் வைரஸ் சும்மா இருக்காது. 2014இல் பிப்ரவரிக் கூட்டம் முடிந்த பிறகுதான் எச்3என்2வின் புதிய கிளை ஒன்று வேகமாகப் பெருகியது. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஊசியின் பலன் 19 சதவீதம்தான். பொருத்தம் நன்றாக அமைந்த வருஷங்களில் அது 40 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். தேர்வுக்குழு தவறு செய்தது என்று அப்போது பலர் திட்டினார்கள். என்னைக் கேட்டால், கையில் இருந்த தகவலுக்கு அவர்கள் எடுத்த முடிவு சரிதான். முட்டைக்கு வேண்டிய அந்த ஆறு மாதம்தான் தோற்கடித்தது.

முட்டையில் இன்னொரு வம்பும் உண்டு. மனித மூச்சுக்குழாயில் வளர்ந்த வைரஸைக் கோழி முட்டைக்குள் போட்டால், அங்கே செழிப்பதற்கு ஏற்ற பிழைகள் தேறி நிற்கும். சில எச்3என்2 ரகங்களில் எச் புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறு, முட்டையில் வளரும்போது காணாமல் போய்விட்டது. குறித்த ரகம் சரியாகவே இருந்தும் ஊசிக்குள் போனது கொஞ்சம் வேறு. இதைத் தவிர்க்கத்தான் விலங்குச் செல்களில் வளர்த்த ஊசியும், வைரஸே இல்லாமல் எச் புரதத்தை மட்டும் தயாரித்துப் போடும் ஊசியும் வந்திருக்கின்றன.

40, 60 என்ற எண்களைப் பார்த்துப் பலர் ‘பாதிதானே, எதற்கு?’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு, மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பற்றியது. முழுமையாகப் பொருந்தாத எதிர்ப்பொருளும் வைரஸைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். ஊசியையும் மீறிக் காய்ச்சல் வந்தவர்களில் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு, ஐ.சி.யூ. போகும் அளவுக்கு முற்றுவது குறைகிறது. அறுபதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த வித்தியாசம்தான் பெரிது. செயலிழந்த வைரஸ் உள்ள ஊசியால் ஃப்ளூ வராது. போட்ட அன்றே பாதுகாப்பும் வந்துவிடாது, எதிர்ப்பொருள் உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். அது சில மாதங்களில் மெல்லக் குறையவும் செய்யும். வருஷாவருஷம் போடச் சொல்வதற்கு வைரஸ் மாறுவது மட்டுமல்ல, இதுவும் காரணம்.

வைரஸின் பரிணாமம் எப்போதும் நமக்கு எதிராகவே போவதில்லை. பி வகையில் விக்டோரியா, யமகட்டா என்று இரண்டு கிளைகள் இருந்தன. இரண்டையும் சேர்ப்பதற்காகவே மூன்று ரக ஊசியை நான்கு ரக ஊசியாக்கினார்கள். கொரோனா காலத்தில் முகக்கவசமும் ஊரடங்கும் ஃப்ளூவையும் நசுக்கியதில், மார்ச் 2020க்குப் பிறகு யமகட்டா எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. 2023 செப்டம்பரில், அதை ஊசியில் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நான்கு மறுபடி மூன்றானது. கடையில் ‘நாலு ரக ஊசி இல்லையா, இதில் ஒன்று குறைகிறதே’ என்று யாராவது சண்டை போட்டால் இதைச் சொல்லலாம்.

நம் ஊருக்கு எது, எப்போது?

குளிர்நாடுகளில் ஃப்ளூவுக்கு ஒரே பருவம், குளிர்காலம். நமக்கு அப்படி இல்லை. இந்தியாவின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூலை முதல் செப்டம்பர் வரை அது ஏறும். காஷ்மீரில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில். சென்னை போன்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறுவது வழக்கம். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வருஷத்துக்கு இரண்டு ஏற்றம். ஒரே நாட்டுக்குள்ளேயே வட அரைக்கோள ஊசியா, தென் அரைக்கோள ஊசியா என்ற கேள்வி வருவது இதனால்தான்.

தென் அரைக்கோளத்துக்கான புது ஊசி ஏப்ரல், மே வாக்கில் கிடைக்கும், வட அரைக்கோளத்துக்கானது ஆகஸ்ட், செப்டம்பரில். உங்கள் ஊரில் ஏற்றம் எப்போது என்று டாக்டரிடம் கேட்டு, அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் போட்டுக்கொள்ளலாம். மூன்று ரகங்களும் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். உதாரணமாக, ஏ/தாய்லாந்து/8/2022 (எச்3என்2) என்றிருந்தால் ஏ வகை, தாய்லாந்தில் எடுத்தது, அங்கே எட்டாம் எண் மாதிரி, 2022ஆம் வருஷம், எச்3என்2 ரகம் என்று அர்த்தம். எந்த அரைக்கோளம், எந்தப் பருவத்துக்கானது என்பதும் போட்டிருக்கும். போன பருவத்துப் பெட்டி குளிர்பெட்டியில் மிச்சமிருந்தால், ‘புதுசு வந்துவிட்டதா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் கையை நீட்டுங்கள்.